புதன்கிழமைக் காய்ச்சல்

மாசி 9, திங்கள்

காலையில் கடும் பனி. வாய்க்கால் கட்டு வழியே சைக்கிளில் வரும்போது முன்னால் போன மாடு கூடத் தெரியவில்லை. ஒன்பது மணி தாண்டித்தான் வெயில். எங்கும் நெல் அரிவு வெட்டு. வெட்டு மெசின் இரைச்சலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க முடியாது. இரண்டு தரம் முயன்றுவிட்டு விட்டாயிற்று.

வாங்க வேண்டியவை: பசை, கலர்த் தாள், தும்புத்தடி, அம்மாவின் பிறஷர் குளிசை.

இன்று முதல் முன்பள்ளியில் சமையல் முறை. நாளுக்கு ஒரு தாய் வீட்டில் அவித்துக்கொண்டு வர வேண்டும். கமிற்றியிடம் கேட்டு வாங்கியது நான்தான். பிள்ளைகள் பிஸ்கற்றைத் தின்று தின்று மெலிந்து போயிருக்கிறார்கள். முதல் முறை கௌரிக்கு. அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும். ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை. அபிசன் கோப்பையை நக்கினான். சந்தோசம்.

புதன்கிழமை செல்வி. வாய்க்காலுக்கு அங்கால் குடியிருப்பு. அவளுடைய தாயும் தகப்பனும் கலவரத்துக்குப் பயந்து மலையகத் தோட்டத்தை விட்டு இங்கே வந்தவர்கள். செல்வி பிறந்ததே இந்த மண்ணில்தான். ஊருக்கு வயல் வேலை செய்கிறாள். மகள் கவினா தையிலிருந்துதான் என்னிடம் வருகிறாள். நாலு வயது, பெரிய கண்.

காலையில் கேற்றடியில் செல்வி பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"ரீச்சர் கேட்டா 'ஓம்' எண்டு சொல்லோணும். 'ஆமா' எண்டு சொல்லப்படாது. விளங்கிச்சோ?"

பிள்ளை சொல்லிற்று: "ஆமா."

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

வீட்டில் அம்மா வாசலிலேயே காத்திருந்தா. சிவம் மாமா வந்து போனாராம். சாவகச்சேரிப் பக்கத்துச் சம்பந்தம் சரிவரும் போல இருக்கிறதாம். மாப்பிள்ளை அவருடைய மனைவியின் சொந்தம். ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு என்னைப் பார்க்க வருகிறார்கள். முப்பத்துநாலு வயதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அம்மா கேட்காத மாதிரிக் குசினிக்குள் போய்விட்டா.

மாசி 11, புதன்

பனி குறைவு. நெல்லைத் தார் ரோட்டில் காயப்போட்டு ரோட்டில் பாதியைப் பிடித்துவிட்டார்கள். சுற்றி வந்ததில் பிந்திவிட்டேன்.

பிந்தியும் பிள்ளைகளைக் காணவில்லை. பாய் விரித்து நானும் செல்வியும் காத்திருந்தோம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு இருமல், இன்னொரு வீட்டில் யாழ்ப்பாணப் பயணம். பாதிக்கு மேல் வரவில்லை. வந்த பிள்ளைகளின் பையிலும் பெட்டிச் சாப்பாடு. "அம்மா இதைத்தான் சாப்பிடச் சொன்னவ."

செல்வி வெள்ளணவே எழும்பிக் காய்ச்சிய இலைக்கஞ்சி. முல்லை இலை, பயறு, தேங்காய்ப்பால். பானையைச் சைக்கிள் கரியரில் துணி சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தவள். மூடியைத் திறந்து அகப்பையைப் போட்டுவிட்டு நின்றாள். பிள்ளைகள் தங்கள் பெட்டிகளைத் திறந்தார்கள்.

நான் வாங்கிக் குடித்தேன். இன்னும் ஒரு கோப்பை கேட்டேன். நல்ல கஞ்சி. கவினா என் பக்கத்தில் இருந்து குடித்தாள்.

"காய்ச்சல் நடமாடுது போல, செல்வி," என்றேன்.

"ஓம் ரீச்சர்." பானையை மூடினாள். "வயலில வெட்டுற ஆக்களுக்குக் குடுக்கிறன். வீணாப் போகாது."

பி.ப. கடைக்குப் பசை வாங்கப் போனேன். காய்ச்சல்காரன் அபிசன், சிவம் மாமாவின் பேரன், கடை வாசலில் ஐஸ்பழத்துடன். என்னைக் கண்டதும் முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கையால் சிவப்பாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

மாசி 12, வியாழன்

எல்லோரும் ஆஜர். ஒரு தும்மல் கூட இல்லை.

இதை எழுத வேண்டும். மாமரத்துக்குக் கீழே மண்ணில் சமைத்து விளையாடினார்கள். அபிசன்தான் வீட்டுக்காரன். சிரட்டையில் மண் சோறு போட்டு ஒவ்வொருவருக்கும் கொடுத்தான். கவினாவும் கை நீட்டினாள். சிரட்டை மிச்சம் இருந்தது. அவன் எழும்பிப் போய் ஒரு பூவரசம் இலை பிடுங்கி வந்து, அதில் வைத்துக் கொடுத்தான்.

"ஏன் தம்பி அவவுக்கு இலையில?"

"அவைக்கு அப்பிடித்தான் ரீச்சர்."

"ஆர் சொன்னது?"

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கட வீட்டில வேலைக்கு வந்தா அப்பிடித்தான்."

ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. வண்ணங்களை அடையாளம் காட்ட ஒரு மாதமாய் அவனுடன் மாரடிக்கிறேன்; இன்னும் பச்சைக்கும் நீலத்துக்கும் தடுமாறுகிறான். இதில் தடுமாற்றம் இல்லை.

சிரட்டையில் மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தான், முகம் கோணாமல். அவனுக்கு அது ஒன்றுமில்லை. எனக்குத்தான் நாள் முழுக்கத் தலையிடி.

மாசி 13, வெள்ளி

பள்ளி விட்ட பிறகு வீடு வீடாகப் போனேன்.

முதலில் கௌரி. நெல் துழாவிக்கொண்டிருந்தாள். கேட்டவுடன் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். "எனக்கு ஒண்டுமில்லை ரீச்சர். நான் செல்வியோட ஒரே வகுப்பில படிச்சனான். மாமி என்ன நினைப்பா எண்டுதான்."

மாமி பின்னால் நின்றா. "எனக்கென்ன பிள்ளை. இந்தக் காலத்தில ஆர் உதெல்லாம் பாக்கினம். பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளையை அனுப்பேல்லை. நாங்கள் மட்டும் அனுப்பினா ஒரு கதை வரும்."

பக்கத்து வீடு. "நாங்கள் பாக்கிறேல்லை. ஆனா கமிற்றித் தலைவரின்ர பேரனே போகேல்லை. அவருக்குத் தெரியாததே?"

தலைவர் சிவம் மாமா. ஊரில் எதற்கும் அவர்தான். முன்பள்ளிக் கூரைத் தகரம் அவர் அலைந்து எடுத்தது. கடைசிச் சண்டையில் செல் குண்டு பட்ட அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடந்தவர். அப்பா வழியிலேயே முடிந்துவிட்டார். அது தெரிந்தும் இறக்கி வைக்காமல் நடந்தவர். இதை மறந்துவிட்டு அவரைப் பற்றி ஒரு வரி எழுத என்னால் முடியாது.

கடைசியாக அவர் வீடு. கதிரை போட்டார். தேத்தண்ணி வந்தது. நான் கேட்டதற்குக் கோபப்படவில்லை.

"பிள்ளை, அந்தப் பங்கருக்குள்ள செல்வியின்ர தாய் காய்ச்சின கஞ்சியைத்தான் ரெண்டு கிழமை குடிச்சனாங்கள். அந்த மனுசி இல்லையெண்டா நாங்கள் இல்லை. நான் உதெல்லாம் பாக்கிற ஆளோ?"

"அப்ப அபிசன் ஏன் வரேல்லை மாமா?"

"அது வேற காலம்." தாடியைச் சொறிந்தார். "சாகப் போற நேரத்தில ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை. இப்ப இருக்கப் போறம். பிள்ளையளைக் கட்டிக் குடுக்கோணும். நாலு சனத்தோட புழங்கோணும். நான் இல்லைப் பிள்ளை, சனம்."

பிறகு குரலைத் தணித்து, "உனக்கும் ஒரு விசயம் நடக்கப் போகுது. அவையள் விசாரிக்காமல் வரமாட்டினம். ஆரிட்ட விசாரிப்பினம்? என்னட்டத்தான்," என்றார். மிரட்டினவர் மாதிரி இல்லை. உண்மையான கவலை. அதுதான் பயம்.

வரும் வழியில் யோசித்துக்கொண்டே சைக்கிளை உருட்டினேன். ஒரு ஆளையும் பிடிக்க முடியவில்லை. யாரைக் கேட்டாலும் அடுத்த வீட்டைக் காட்டுகிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் அதற்கடுத்த வீட்டை. ஊரில் பாகுபாடு பார்க்கிறவர் ஒருவரும் இல்லை. கஞ்சியைக் குடித்தவரும் இல்லை.

மாசி 16, திங்கள்

நேற்றுச் சிவராத்திரி. அம்மா கோயிலில் கண் விழித்துவிட்டு இன்று பகல் முழுக்கச் சுருண்டு படுத்திருந்தா. ஆனால் நான் வெள்ளிக்கிழமை வீடு வீடாய்ப் போனது கோயிலிலேயே அவவுக்குப் போய்விட்டது. சோறு போட்டபடி கேட்டா.

"நீ அவையின்ர கஞ்சி குடிச்சனியாமே, தயா."

"ஓம்."

"ரெண்டு தரமாம்."

"நல்லாயிருந்துது அம்மா. நீங்களும் முகாமில அவையோட ஒண்டாத்தானே சாப்பிட்டனீங்கள்."

"அது வரிசை," என்றா அம்மா. "இது வீடு."

அதற்கு மேல் கதை இல்லை. கத்தரிக்காய்ப் பால்கறி. வாயில் வைக்க மனமில்லை.

ஓடும்போது என்னவெல்லாம் விட்டுவிட்டு ஓடினோம். வீடு, மாடு, அலுமாரி, அம்மாவின் கூறைச் சேலை, சாமிப் படம். கடைசியில் மாற்றுத் துணியும் இல்லை. இதை மட்டும் எங்கே வைத்திருந்தார்கள்? பாரம் இல்லாத சாமான் போல. கம்பி வேலிக்குள் இருந்து வெளியே வந்ததும், வீட்டுக்கு அத்திவாரம் போட முதலே, யார் யாரின் வீட்டில் தண்ணி குடிக்கலாம் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

ஒன்று தோன்றுகிறது. சரியோ தெரியாது. எல்லாம் போன பிறகு, கீழே இன்னொருவர் நின்றால்தான் நாங்கள் இன்னும் அடிமட்டத்துக்கு விழவில்லை என்று தெரிகிறதோ. அம்மா கெட்டவ இல்லை. தெருவில் போகிற நாய்க்கும் சோறு வைக்கிறவ.

இன்று பள்ளியில் மறுபடி மண் சோறு. அபிசன் வரிசையாய்ச் சிரட்டை வைத்தான். கவினாவுக்கும் வைக்கத்தான் குனிந்தான். அவள் அதற்குள் எழும்பிப் போய், தானே ஒரு இலை பிடுங்கிக்கொண்டு வந்து நீட்டினாள்.

எழுதிவிட்டு இவ்வளவு நேரமாய் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாசி 17, செவ்வாய்

வெயில் கூட. பின்னேரம் பெற்றோர் கூட்டம். எல்லாத் தாய்மாரும், ஒன்றிரண்டு தகப்பன்மாரும். கதிரைகள் மிச்சம் இருந்தன. செல்வி பின்னால் பாயில் இருந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன். "இது சுகம் ரீச்சர்."

சிவம் மாமா எழும்பினார். தாய்மாருக்கு அரிவு வெட்டு நேரத்தில் சமையல் பாரமாய் இருக்கிறதாம். ஆகவே பழையபடி பிஸ்கற்றும் பால் பைக்கற்றும். "எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஒரு பிரச்சினையும் இல்லை." தலைகள் ஆடின. எவ்வளவு நிம்மதி அந்த முகங்களில். ஒருவரையும் ஒரு சொல் சொல்லாமல் அலுவல் முடிகிறது.

நான் எழும்பினேன். "போன புதன்கிழமை ஏன் பிள்ளையள் வரேல்லை எண்டு ஆராவது ஒராள் சொல்லுங்கோ."

மெசின் இரைச்சல் மட்டும். கௌரி நகத்தைப் பார்த்தாள்.

"காய்ச்சல் தானே ரீச்சர்," என்றது ஒரு குரல்.

அப்போது செல்வி எழும்பினாள். குரல் உயரவில்லை.

"புதன்கிழமைக்கு மட்டுமோ பிஸ்கற், எல்லா நாளுக்குமோ?"

"எல்லா நாளும் தங்கச்சி," என்றார் சிவம் மாமா. "அதுதானே ஞாயம்."

"அப்ப என்ர ஒரு நாள் கஞ்சிக்காக உங்கட பிள்ளையள் அஞ்சு நாளும் பயறு கடலை இல்லாமல் இருக்கப் போகினம்." சுற்றிப் பார்த்தாள். "எனக்கு நட்டமில்லை. நான் வீட்டில காய்ச்சிக் குடுப்பன்."

சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு போய்விட்டாள். ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை?

கையை உயர்த்தச் சொன்னார் சிவம் மாமா. பிஸ்கற் நிறைவேறியது.

மாசி 18, புதன்

எல்லோரும் வந்தார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. கவினாவைத் தவிர எல்லோரும்.

பிஸ்கற் பைக்கற்றைப் பிரிக்கத் தெரியாமல் பல்லால் கடித்தார்கள். அபிசன் கேட்டான்: "பயறு இல்லையோ ரீச்சர்?"

"இல்லை."

"ஏன்?"

பதில் சொல்லவில்லை. நானும் சொல்லாமல் விட்டுத்தான் சொல்லிக்கொடுக்கிறேன் போல.

மாசி 20, வெள்ளி

கவினா வியாழனும் இல்லை, இன்றும் இல்லை. பள்ளி முடிந்து வாய்க்கால் தாண்டிப் போனேன். இரணைமடுக் குளத்துத் தண்ணி இந்தப் பக்கம் நிரம்பி ஓடுகிறது. அங்கால் பைப்படியில் குடங்கள் வரிசை.

செல்வி முற்றத்தில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். கவினா என்னைக் கண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"வரமாட்டன் எண்டு நிக்கிறாள் ரீச்சர். அடிச்சும் பாத்தன். திங்கள் ஏலுமெண்டா கொண்டு வந்து விடுறன்."

தேத்தண்ணி தந்தாள். இஞ்சி போட்டது. குடித்துவிட்டு, வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். நீங்கள் வந்து என்னோடு குசினியில் நில்லுங்கோ. பலகாரம் இரண்டு பேருமாய்ச் சுடுவோம். அவர்கள் முன்னாலேயே நீங்கள் பரிமாறுங்கோ. சாப்பிட்டால் சாப்பிடட்டும், இல்லாவிட்டால் எழும்பிப் போகட்டும்.

செல்வி மிளகாயைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கையைத் துடைத்தாள்.

"ரீச்சர், நீங்கள் நல்ல மனசோடதான் கேக்கிறீங்கள். ஆனா என்னைக் கொண்டுபோய் வைச்சு நீங்கள் ஆக்களைச் சோதிச்சுப் பாக்க வேண்டாம்."

முகம் எரிந்தது.

"அவையள் எழும்பிப் போனா, உங்களுக்கு ஒரு கலியாணம்தான் போகும். நான் அந்தத் தட்டோட நடு வீட்டில நிக்கோணும்." கொஞ்சம் பொறுத்து, "சொல்ல வேணுமெண்டா நீங்களே சொல்லுங்கோ. உங்கட வாய்தானே," என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். சிரித்தாள். காய்ந்த மிளகாய் ஒரு பை கட்டித் தந்தாள். அம்மாவுக்கு எங்கேயிருந்து என்று சொல்லவில்லை. இல்லை, சொன்னேன். கேட்டுவிட்டுப் பையைக் குசினிக்கு வெளியே, விறகு மேல் வைத்தா.

மாசி 22, ஞாயிறு

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அக்கா, அத்தான். சிவம் மாமா கூட வந்தார். வெள்ளை வான்.

அம்மா பயற்றம் பணியாரம், முறுக்கு. எனக்கு மயில் கழுத்துச் சேலை, வேர்வை. மாப்பிள்ளை சாந்தமான முகம். இரண்டு தரம் என்னைப் பார்த்துவிட்டுக் கைப்போனைக் கவிழ்த்து வைத்தார். அது பிடித்திருந்தது. எழுதுவதில் என்ன வெட்கம், பிடித்திருந்தது.

அக்காதான் கதைத்தா. இனிமையான குரல். படிப்பு, சம்பளம், யாழ்ப்பாணம் வந்தால் வேலையை விடலாமோ. பிறகு,

"முன்பள்ளியில எந்தப் பக்கத்துப் பிள்ளையள் தங்கச்சி வருகினம்?"

"எல்லாற்ற பிள்ளையளும் வருகினம்."

"எல்லாற்றையும் எண்டா?"

சிவம் மாமா செருமினார். அம்மா தட்டை நீட்டினா, முறுக்கு எடுங்கோ என்று. அக்கா கேட்ட கேள்விக்கு எல்லோருக்கும் பதில் தெரிந்துதான் இருந்தது. நான் ஒரு சின்னப் பொய் சொன்னால் போதும் என்றுதான் அந்த அறை முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது. பொய் கூட வேண்டாம். சிரித்தால் போதும்.

"வாய்க்காலுக்கு அங்கால இருந்தும் வருகினம். மலையகத்தில இருந்து வந்த ஆக்களின்ர பிள்ளையள். அவையின்ர வீட்டில நான் சாப்பிடுறனான். இனியும் சாப்பிடுவன்."

என் குரல் எனக்கே அந்நியமாய்க் கேட்டது. அக்கா தலையாட்டினா. "நல்லது தங்கச்சி. அப்பிடித்தான் இருக்கோணும்." தேத்தண்ணியைப் பாதியில் வைத்தா. பிறகு மழை பற்றி, நெல் விலை பற்றி. போய்விட்டு அறிவிக்கிறோம் என்றார்கள். அறிவிக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை செருப்பு மாட்டப் பிந்தி நின்றார். மெதுவாகச் சொன்னார்: "எனக்கு உதில ஒரு பிரச்சினையும் இல்லை. அக்கா ஆக்களுக்குத்தான்."

வான் போன புழுதி அடங்கும்வரை வாசலில் நின்றேன். அழுகை வரவில்லை. அவருக்கும் பிரச்சினை இல்லையாம்.

அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "இனி உனக்கு ஆர் பிள்ளை வருவினம்," என்றா. ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லம்.

மாசி 23, திங்கள்

இரவு சிறு தூறல். ரோட்டில் நெல் நனைந்து சனம் ஓடுப்பட்டது. காலையில் பாய்கள் ஈரம்.

செல்வி சொன்னபடி கவினாவைக் கொண்டு வந்து விட்டாள். பிள்ளை கேற்றைப் பிடித்த கையை விடவில்லை. கடைசியில் நானும் கேற்றடியிலேயே குந்தினேன். கதை ஒன்றும் சொல்லவில்லை. வெயில் ஏறிய பிறகு மெதுவாய் உள்ளே வந்தாள். ஒருவரோடும் விளையாடவில்லை.

பிள்ளைகள் போன பிறகு சிவம் மாமா வந்தார். வாங்கில் இருந்தார். கனநேரம் கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

"நீ என்ர பிள்ளை மாதிரி. அதுதான் வந்து சொல்லுறன். அடுத்த வருசத்துக்கு வேற ரீச்சர் பாப்பம் எண்டு கதைக்கினம்."

"ஆர் மாமா?"

"சனம்."

"ஒராளின்ர பேர் சொல்லுங்கோ."

"பேரெண்டு என்ன பிள்ளை. எல்லாரும்தான்."

"அப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்த ஆள் நீங்கள். உங்களிட்டத்தான் கேக்கிறன். ஒரு பேர்."

அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். வெட்டு மெசின் எங்கோ நின்றுவிட்டது. இவ்வளவு அமைதியாய் இந்த இடம் இருக்கும் என்று தெரியாது.

"என்ர மனுசி," என்றார்.

எழும்பி, கேற்றுவரை போய், திரும்பாமல் நின்றார்.

"நானும்தான், தயா."

போய்விட்டார். பாய்களை இன்னும் எடுக்கவில்லை.